காக்கிப் பாவாடை

— ஆம்பளைக்குப் பாவாடை தைக்கறமேன்னு உங்களுக்கு ஒரு நிமிசமாச்சும் கை கூசலீங்களா, மைமூனக்கா?

— கூசுச்சு ஆராயி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல உட்காரு. மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்புல நின்னுக்கிட்டே வந்திருப்பே.

— உட்காரறதுக்கு வரலீங்க. ஏற்காட்டு பஜார்ல தையக்கடைக்கா பஞ்சம்? எங்கூட்டுக்காரரு உங்ககிட்டத்தான் வந்தாரு. நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மனுசன் வாயை மூடிக்கிட்டு ஊடு வந்து சேர்ந்திருப்பாரு.

— மத்த மூணு கடையிலயும் முடியாதுன்னு சொன்ன பொறவுதான் அங்கப்பன் எங்கிட்ட வந்தாரு. அதை உங்கிட்டச் சொல்லலையா?

— சொல்லலீங்களே.

— ஒரு கடையில சிரிச்சாங்களாம். ஒரு கடையில, ‘கூத்துக்கா?’ன்னு கேட்டாங்களாம். இன்னொருத்தன் துணியைத் தொடவே இல்லையாம். இங்க வந்து இந்த மேசை மேல காக்கித் துணியை வெச்சாரு. ‘அக்கா, இதுல எனக்கு ஒரு பாவாடை வேணுமுங்க. முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கடை இருந்தாப் போதும். சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுருங்க, அளவெடுக்கறப்பச் சிரிச்சா டேப்பு நவுந்துரும்’னாரு.

— நீங்க சிரிச்சீங்களா?

— சிரிச்சேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. அப்பறம் குனிஞ்சு, இடது பக்கம் வேட்டியைத் தூக்கிக் காட்டுனாரு. எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

— அந்தக் காலையா? உங்ககிட்டக் காட்டுனாரா?

— காட்டுனாரு. யானைக்கால்னு கேள்விப்பட்டிருக்கேன், கிட்டத்துல பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழ தூணாட்டம் இருக்குது. பாதத்துக்கு மேல தோல் மடிஞ்சு மடிஞ்சு கெடக்குது. பதினோரு வருசமா அந்தாளு லாட்ஜ் கேட்டுல நிக்கறதைப் பார்த்துக்கிட்டே போறேன் வர்றேன், எனக்குத் தெரியாது பாரு.

— யாருக்குந் தெரியாதுங்க. பெத்த மவ அத்தாயிக்கே முழுசாத் தெரியாது. இளவட்டத்துல, கல்யாணத்துக்கு முன்னால, கும்பகோணம் பக்கம் செங்கச் சூளைக்கு வேலைக்குப் போனாரு, அங்க புடிச்சுக்கிட்டு வந்தது. கொசு கடிச்சு வர்றதாம், சாந்தாமேரி நர்சம்மா சொன்னாங்க. வேட்டியைத் தரையக் கூட்டறாப்பலத்தான் கட்டுவாரு. ஊட்டுக்குள்ள இருந்தாலும் அப்படித்தான். அப்படிப்பட்ட மனுசன் இப்ப ஊர் பூராப் பார்க்கட்டும்னு நிக்கறாரு.

— இந்தா பாரு ஆராயி, நான் அவருக்குத் தொண்டு செய்யணும்னு தைக்கலை. அவரு கேட்ட கேள்வி நியாயமாப் பட்டுச்சு, அதனால தைச்சேன். லாட்ஜுக்குப் புதுசா வந்த மேனேசரு, ‘கேட்டுல நிக்கறவங்க வேட்டி லுங்கி கட்டக்கூடாது, தைச்ச உடுப்புத்தான் போடணும்’னு சொல்லிக் காக்கித் துணி குடுத்திருக்காரு. அந்தக் கால் பேன்டுக்குள்ள எப்படி நுழையும்? ‘தைச்ச உடுப்புன்னுதானே அக்கா சொன்னாரு, பாவாடையும் தைச்ச உடுப்புத்தானே?’ன்னாரு அங்கப்பன். நீயே சொல்லு, அது தைக்காத உடுப்பா?

— பேச்சுக்கு வேணா நல்லாருக்குதுங்க. மொத நாள் அதைக் கட்டிக்கிட்டுப் போனப்ப என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?

— தெரியாம? நம்ம கடையிலிருந்து நூறு தப்படி. நான் போய்ப் பார்த்தேனே.

— நான் பார்க்கலீங்க. வந்தவங்க போனவங்க சொல்லித்தான் கேட்டேன். மேனேசரு இவரைப் பின்னால மோட்டார் ரூமுக்கிட்டப் போய் நிக்கச் சொல்லியிருக்காரு, வர்ற கெஸ்டு கண்ணுல பட வேண்டாம்னு. இவரு, ‘என்னைக் கேட்டுக்குத்தானுங்க வேலைக்கு வெச்சீங்க’ன்னுருக்காரு. ‘அப்படின்னா உள்ளயே வராதே’ன்னுட்டாராம்.

— உள்ள வராதேன்னா, வெளிய நின்னுட்டாரு. அது கவர்மென்ட் ரோடு. யாரு என்ன கேக்க முடியும்? கார் வந்தாச் சல்யூட் அடிக்கறதும், கெஸ்டுக்கு வழி காட்டறதும், சும்மா சொல்லக் கூடாது, உள்ள நிக்கறப்ப என்ன செஞ்சாரோ அதையே செஞ்சாரு. மூணு நாள். சாரல் வேற. அந்தப் பாவாடை நனைஞ்சு, கீழ் ஓரத்துல தண்ணி சொட்டுச்சு. நான் டீ கொண்டு போய்க் குடுத்தேன். ‘மடிப்பு நல்லா நிக்குதுங்க அக்கா’ன்னாரு. அவரு காலைப் பத்திப் பேசலை, என்னோட தையலைப் பத்திப் பேசுனாரு.

— பெங்களூர்க்காரங்க செல்போன்ல போட்டோ எடுத்தாங்களாம். ஜீப்புக்காரப் பசங்க விசில் அடிச்சு, ‘அங்கம்மா, அங்கம்மா’ன்னு கூப்பிட்டாங்களாம். கீழ அடிவாரம் வரைக்கும் பஸ்ல இதே பேச்சு. சேலத்துல இருக்கற எங்க தங்கச்சி போன் பண்ணி, ‘மாமாவுக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா?’ன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது?

— ஆனா மூணாம் நாள் மேனேசர் எறங்கி வந்துட்டாரே.

— அதுதாங்க எனக்கு வவுத்தெரிச்சல். எறங்கி வந்துட்டாரு. சும்மா இல்லை, கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க எல்லாரும் வெளக்கமாத்தைக் கீழ வெச்சுட்டு, ‘அங்கப்பண்ணன் உள்ள வந்தாத்தான் வேலை’ன்னுட்டாங்களாம். மேனேசரு கேட்டுக்கு வந்து, ‘சரிய்யா, நீ மட்டும் வேட்டியே கட்டிக்க’ன்னுருக்காரு. அதோட முடிஞ்சுதில்லீங்களா? இவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘வேண்டாமுங்க சார், இதே இருக்கட்டும்’னாராம். ரெண்டு மாசம் ஆச்சு. வேலைக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான். வேட்டி பொட்டியில கெடக்குது. ஏனுங்க, அவசியத்துக்குக் கட்டுனாரு, சரி. அவசியம் தீர்ந்த பொறவும் எதுக்குங்க?

— கேட்டுப் பார்த்தியா?

— கேட்டனே. ‘இது நல்லாருக்குது’ங்கறாரு. அவ்வளவுதான் பேச்சு.

— நல்லாத்தான் இருக்குது. அதுக்கு நீ எதுக்கு இன்னைக்குப் புதுசா என்கூடச் சண்டைக்கு வந்தே?

— ஞாயித்துக்கிழமை அத்தாயியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க அக்கா. வாழவந்தியிலிருந்து, இவரை அவங்க யாரும் நேர்ல பார்த்ததில்லை. சின்னையன்னு, காப்பித் தோட்டம் கொஞ்சம் வெச்சிருக்காரு. பையன் மாரிசாமி ஜீப் ஓட்டறான். குடிகிடி இல்லாத பையன். அத்தாயிக்கும் புடிச்சிருக்குது, வாய் விட்டுச் சொல்லலை, ஆனா ரெண்டு நாளா ஊட்டைக் கழுவிக் கழுவி வுடறா.

— நல்ல சேதிதானே கண்ணு.

— இவரு பாவாடை கட்டிக்கிட்டு, அந்தக் காலைக் காட்டிக்கிட்டு வாசல்ல நின்னா, வந்தவங்க ஜீப்பை விட்டுக் கீழ எறங்குவாங்களா? பரம்பரை வியாதியோன்னு நெனைக்க மாட்டாங்களா? பொண்ணுக்கும் வருமோ, பேரனுக்கும் வருமோன்னு யோசிக்க மாட்டாங்களா? ஒரு நாளைக்கு, ஒரே நாளைக்கு வேட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா யாருக்குத் தெரியப் போகுது?

— அப்பறம் தெரியுமே.

— அப்பறம் தெரிஞ்சா தெரியட்டும். தாலி ஏறுன பொறவு எல்லாரும் எல்லாத்துக்கும் பழகிக்குவாங்க.

— ஆராயி.

— நீங்க ஒன்னு மட்டும் செய்யுங்க. நாடா மாத்தறதுக்கு அந்தப் பாவாடையை உங்ககிட்டக் குடுத்திருக்காராமே. சனிக்கிழமை வந்து கேப்பாரு. ஆகலைன்னு சொல்லிருங்க. ஊட்ல இருக்கற இன்னொன்னை நான் தண்ணியில நனைச்சுப் போட்டுர்றேன். வேற வழியில்லாம வேட்டி கட்டுவாரு.

— என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?

— எம் மவளுக்காவச் சொல்லுங்க. உங்களுக்கும் ரெண்டு பொண்ணு இருந்துச்சில்லீங்களா, கட்டிக் குடுத்தீங்கல்ல? நானென்ன கெட்டதா கேக்கறேன்?

— அழுவாதே. கண்ணைத் தொடை. சரி, சொல்றேன் போ. எனக்கு மனசில்லை, ஆனா சொல்றேன்.

*

— அக்கா, நாடா மாத்தியாச்சுங்களா?

— இன்னும் ஆகலை அங்கப்பா. நொம்ப வேலை. திங்கக்கிழமை வா.

— அந்தா ஆணியில தொங்குதுங்களே. புது நாடா போட்டு, முடிச்சுங்கூடப் போட்டிருக்குது.

— அல்லாவே. எனக்குப் பொய் சொல்லவும் வரலை, பொருளை ஒளிச்சு வைக்கவும் தெரியலை.

— ஆராயி வந்தாளுங்களா?

— வியாழக்கிழமை வந்தா. சண்டை போட்டா, அழுதா, போனா. உன் மேல அவளுக்குக் கோவம் இல்லை அங்கப்பா. பயம்.

— தெரியுமுங்க. காலைல இன்னொரு பாவாடையைத் தண்ணியில முக்கி வெச்சுட்டா. அழுக்கே இல்லாத துணியை எதுக்குடி தொவைக்கறேன்னு கேட்டேன். ‘அழுக்கு உங்க கண்ணுக்குத் தெரியாது’ன்னா. சிரிப்பு வந்துருச்சு.

— சிரிக்காதே. அவ கேக்கறது நியாயந்தான். மேனேசரே வேட்டிக்கு விட்டுட்டாரு. நாளைக்கு ஒரு நாள் வேட்டி கட்டுனா உன் மானம் போயிருமா?

— போவாதுங்க.

— அப்பறம் என்ன?

— வேட்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க அக்கா. ஆனா வேட்டி நனைஞ்சா, அந்த ஈரத்தோட கால்ல சுத்திக்கிட்டே கெடக்கும். நம்மூரு சாரல்ல எப்பக் காயறது? வருசத்துல நாலு தடவை புண்ணு வந்து, காச்சல்ல படுத்துக்குவேன். நர்சம்மா, ‘காலைக் கழுவித் தொடைச்சுக் காத்தாட வுடுங்க, ஈரம் கூடாது’ன்னு வருசக்கணக்காச் சொல்றாங்க. நான் மண்டைய மண்டைய ஆட்டிட்டு, வெளிய வந்ததும் வேட்டியை எறக்கி விட்டுக்குவேன். இது கட்டுனதுலருந்து ரெண்டு மாசம் ஒரு புண்ணு இல்லீங்க.

— அது எனக்குத் தெரியாது.

— அப்பறம் நீங்க ஜோப்பு வெச்சுக் குடுத்தீங்க பாருங்க, ரெண்டு பக்கமும். அதுல கை வுட்டுக்கிட்டு நிக்கற சொகம் இருக்குதே. வேட்டின்னா அவுந்துரும் அவுந்துரும்னு ஒரு கை எப்பவும் இடுப்புலயே இருக்கும். இப்ப எனக்கு ரெண்டு கை.

— நீ பேச்சை மாத்தறே.

— இல்லீங்க, எல்லாம் நெசந்தான்.

— மொத நாள் எப்படிடா இருந்துச்சு? நான் கேக்கவே இல்லை. டீயைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

— மஞ்சக்குட்டையில ஜீப் ஏறுனேனுங்க. உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் எம் மூஞ்சியைப் பார்க்கலை, கீழ பார்த்தாங்க. பாவாடையைப் பார்த்தாங்களா காலைப் பார்த்தாங்களா தெரியாது. பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சு வெளிய தொத்திக்கிட்டாரு. அப்படியே எறங்கி ஊட்டுக்குப் போயிரலாம்னு ரெண்டு தடவை நெனைச்சேன்.

— போயிருந்தாலும் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டாங்க.

— அதுக்கப்பறம் ரோட்ல நின்னனில்லீங்களா. மொத நாளு பத்து பத்தரைக்கு மஞ்சு விலகி நல்லா வெயில் வந்துச்சு. அப்பத்தான் இந்தக் காலு மேல வெயில் பட்டுச்சு. இருபத்தஞ்சு வருசமா அதுல வெயில் பட்டதே இல்லீங்க. வெதுவெதுன்னு ஏறுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. விசில் அடிச்சவனுக, ‘அங்கம்மா அழுவுது’ன்னானுக. அழுதது அதுக்கில்லைன்னு அவனுகளுக்கு எப்படித் தெரியும்?

— நான் டீ கொண்டு வந்தப்ப நீ சிரிச்ச மூஞ்சியா இருந்தே.

— அதுக்குள்ள சரியாயிருச்சுங்க. ஒரு கார்ல ஒரு புள்ளை வந்துச்சு, ஆறேழு வயசு. அதுவும் பாவாடை. கீழ எறங்கி எம் முன்னால நின்னு, ‘நீங்களும் பாவாடையா?’ன்னு கேட்டுச்சு. ஆமா கண்ணுன்னேன். ‘சுத்தத் தெரியுமா?’ன்னு கேட்டுச்சு. தெரியாதேன்னேன். ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு உள்ள ஓடிருச்சு. அவங்கம்மா காலைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா அந்தப் புள்ளை ஒரு வார்த்தை காலைப் பத்திக் கேக்கலீங்க.

— நான் கடையைப் பார்க்க ஆரம்பிச்சப்ப, இந்த பஜார்ல என்ன பேசுனாங்க தெரியுமா? எங்க வீட்டுக்காரரு மௌத்தாகி நாப்பது நாள் முடிஞ்ச மறுவாரம் மெசின்ல உட்கார்ந்தேன். ‘ஆம்பளைக்கு அளவெடுக்கப் போற பொம்பளை’ன்னாங்க. ஒரு வருசம் ஒரு சட்டை வரலை. ஜாக்கெட்டும் தலகாணி உறையும் தைச்சேன். எனக்காச்சும் வேற வழி கெடையாது, சோத்துக்கு வேணும். உனக்கு வழி இருந்தும் நிக்கறே பாரு. அதுதான் எனக்கு வெளங்கலை, அதுதான் எனக்குப் பெரிசாவும் இருக்குது.

— பெரிசெல்லாம் இல்லீங்க.

— காலுக்கு ஈரம் ஆகாது, சரி. ஜோப்பு, சரி. வெயில், அதுவும் சரி. நாளைக்கு உன் ஊட்டுக்குள்ளதானே உட்காரப் போறே? மழையில நிக்கப் போறதில்லை. ஒரு மணி நேரம். உன் பொண்ணோட வாழ்க்கை. அதுக்கு என்ன பதில்?

— அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேனுங்க.

— சொல்லு.

— மொதல்ல கேக்க வேண்டியவங்க வேற ஒருத்தருங்க அக்கா. அவங்க கேட்ட பொறவு நீங்க கேளுங்க.

— நீ நல்லா மழுப்பறே. பொண்ணு பாவம் அங்கப்பா. வந்தவங்க திரும்பிப் போயிட்டா, ஆராயி உன்னை மன்னிக்க மாட்டா. அத்தாயியும் மன்னிக்க மாட்டா.

— அத்தாயிகிட்டக் கேட்டேனுங்க. நேத்துச் சாயங்காலம் காலை அவகிட்ட முழுசாக் காட்டி, ‘சாமி, அப்பன் இப்படியே இருக்கட்டுமா, மறைச்சுக்கட்டுமா?’ன்னு கேட்டேன். அவ சொம்புல தண்ணி கொண்டாந்து காலைக் கழுவி, விரல் சந்துல எல்லாம் துணி வுட்டுத் தொடைச்சா. ‘இப்படித்தானே தொடைக்கச் சொன்னாங்க?’ன்னு கேட்டா.

— அவ பதில் சொல்லிட்டா.

— நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

— இந்தா, எடுத்துக்க. இடுப்புப் பட்டியில ஒரு தையல் விட்டிருந்துச்சு, அதையும் அடிச்சிருக்கேன். ஆராயி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

— நானே பார்த்து எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அது பொய்யில்லீங்களே.

*

— வா ஆராயி. உள்ள வா. நேத்துப் பூரா எனக்கு மெசின்ல கால் ஓடலை. மூணு ஜாக்கெட்டு கெட்டுப் போச்சு. என்னாச்சு?

— முடிவாயிருச்சுங்க அக்கா. ஆவணியில கல்யாணம்.

— அல்ஹம்துலில்லா. உட்காரு, உட்காரு. கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது, நான் பயந்துட்டேன். அப்ப, வேட்டிதான் கட்டுனாரா?

— பாவாடைதான். நீங்க குடுத்ததே. அதைப் பொட்டி போட்டுத் தேச்சு, மேல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, வாசப்படியில நின்னாரு. நான் அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். எங்கயாச்சும் குதிச்சுச் செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு.

— வந்தவங்க?

— ஆறு பேரு. கதவுச் சந்துல பார்த்தேன். பையனோட அம்மா பாவாயிதான் மொதல்ல எறங்குனாங்க. இவரு கும்புட்டாரு. அந்தம்மா பதிலுக்குக் கும்புடக் கை தூக்குனவங்க, காலைப் பார்த்ததும் கை பாதியில நின்னு போச்சு. மத்தவங்க பின்னால அப்படியப்படியே நிக்கறாங்க. இவரு, ‘உள்ள வாங்க, உட்கார்ந்து பார்த்துட்டு, புடிக்கலைன்னா எந்திரிச்சுப் போலாம். ஜீப்பு இங்கதான நிக்கும்’னாரு.

— அப்படியேவா சொன்னாரு?

— அப்படியே. வந்து உட்கார்ந்தாங்க. அத்தாயி காப்பி கொண்டு போய்க் குடுத்தா. பாவாயம்மாதான் மொதல்ல கேட்டாங்க, ‘இது பரம்பரையா வர்றதுங்களா?’ன்னு. இவரு சுத்தி வளைக்கலை. ‘இல்லீங்க. கொசுக் கடியில வந்தது. ஒருத்தரைத் தொட்டாலும் ஒட்டாது. எங்கப்பனுக்கு இல்லை, எம் மவளுக்கு இல்லை. எம் பேச்சை நம்ப வேண்டாம், சாந்தாமேரி நர்சம்மாவைக் கேட்டுப் பாருங்க. எம் மவ ரத்தத்தைச் சோதிக்கோணும்னாலும் சோதிச்சுக்குங்க’ன்னாரு. காலை நீட்டி முன்னால வெச்சாரு. ‘நல்லாப் பார்த்துக்குங்க. நான் இதை இத்தனை வருசம் மறைச்சு வெச்சிருந்தேன், இப்ப மறைக்கறதில்லை’ன்னாரு.

— பாவாயி பார்த்தாளா?

— குனிஞ்சு பார்த்தாங்க. ‘வலிக்குதுங்களா?’ன்னு கேட்டாங்க. ‘காச்சல் வந்தா வலிக்குமுங்க, இப்ப ரெண்டு மாசமா வர்றதில்லை’ன்னாரு. அந்தம்மா மூஞ்சி கொஞ்சம் இளகுச்சு. அப்பப் பாருங்க, அந்தப் பையன் மாரிசாமி சேரை விட்டு எந்திரிச்சான். கெளம்பறான்னு நெனைச்சேன்.

— கெளம்பலையா?

— இவரு முன்னால வந்து நின்னு, ‘மாமா, நீங்க லாட்ஜ் வெளிய நின்ன மொத நாள், அந்தப் பக்கமா ஜீப் ஓட்டிட்டுப் போனேனுங்க. ஆரன் அடிச்சு விசில் அடிச்சதுல நானும் ஒருத்தன். மூணாம் நாளும் நீங்க அங்கயே நின்னதைப் பார்த்தப்ப எனக்கு என்னை நெனைச்சா அசிங்கமா இருந்துச்சு. அத்தாயி உங்க பொண்ணுன்னு தெரிஞ்ச பொறவுதான் ஊட்ல சொல்லிப் பொண்ணு கேக்கச் சொன்னேன்’னான். அவங்கம்மாவுக்கே அப்பத்தான் தெரியும் போல, அவனையே பார்க்கறாங்க.

— மாஷா அல்லா. அங்கப்பன் என்ன சொன்னாரு?

— ‘விசில் நல்லாத்தான் அடிச்சீங்க’ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குக் கூட சிரிப்பு வந்துருச்சு. கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தேன்.

— அப்பறம் நல்லபடியாப் பேசி முடிச்சீங்க. நான் என்னமோ ஏதோன்னு பயந்தேன். அதுக்கு எதுக்குக் கண்ணு வீங்கற அளவுக்கு அழுதே?

— அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னொரு வேலையும் இருக்குது. இந்தாங்க, துணி.

— வெள்ளைத் துணி. நல்ல உருப்படியான துணியா இருக்குதே. ஜாக்கெட்டுக்கா?

— அவருக்கு. கல்யாணத்தன்னைக்குக் கட்டிக்கறதுக்கு. கீழ பச்சைக் கரை வெச்சுத் தைக்கோணும். மடிப்பு அதே மாதிரி. ஜோப்பு ரெண்டு பக்கமும் மறக்காம வெச்சுருங்க. அளவு உங்ககிட்ட இருக்குமில்ல?

— இருக்குது. இந்தா பாரு ஆராயி, போன வியாழக்கிழமை இதே எடத்துல நின்னு, பாவாடையை ஒளிச்சு வைக்கச் சொல்லி அழுதவ நீ.

— ஆமாங்க.

— நாலே நாள்ல என்ன ஆச்சு உனக்கு? பையன் வூட்டுக்காரங்க ஒத்துக்கிட்டதுனாலயா?

— அதில்லீங்க. அவங்க கெளம்பறப்ப வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தோம். சின்னையன் சம்பந்தி வெள்ளந்தியான மனுசன், மனசுல பட்டதைக் கேட்டுருவாரு. ‘தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி, நாங்க காலைப் பார்த்ததும் பாதி மனசு திரும்பிட்டோம். நீங்க பேசாம ஒரு வேட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே, எதுக்குங்க இந்த வம்பு?’ன்னு கேட்டாரு.

— இதைத்தான் நானும் சனிக்கிழமை கேட்டேன். மழுப்பிட்டாரு. மொதல்ல கேக்க வேண்டியவங்க வேற ஒருத்தருன்னாரு. என்ன பதில் சொன்னாரு?

— சம்பந்தியைப் பார்க்கலை அக்கா, எல்லாரும் நிக்கறாங்க, என்னை மட்டும் பார்த்தாரு. ‘இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால இவளைப் பொண்ணு பார்க்கப் போனப்ப, நான் வேட்டிதானுங்க கட்டிக்கிட்டுப் போனேன்’னாரு.